இடம் பெயர்ந்தோம், பெயரை இழக்கவில்லை
வாங்குபவர் நம்மைத் தேடி வரும் வழியைத் திரும்பத் திறப்போம்

தலவாக்கலைப் பக்கத்தில் வீதியோரம் சிறு கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தை அண்மையில் சந்தித்தோம். லீக்ஸ், கரட், பீற்றூட், வீட்டிலேயே காய்ச்சிய ஸ்ட்ரோபெரி ஜாம் ஆகியவை அங்கே விற்பனைக்கு இருந்தன. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குப் போய்வரும் வான்காரர்கள் வழக்கமாக அங்கே நிறுத்துவார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் கடைக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்தது. உயிர் தப்பியது. குடும்பம் வேறொரு டிவிஷனில் உறவினரின் லயன் காமராவில் ஒதுங்கியது. சில வாரங்களில் மறுபடியும் ஜாம் காய்ச்சத் தொடங்கினார்கள். ஆனால் வாங்க ஒருவரும் வரவில்லை.

எல்லோரும் எங்களை மறந்துவிட்டார்கள் என்று அந்த வீட்டுத் தாய் மனம் வெதும்பினார். உண்மை அதுவல்ல. பழைய வாடிக்கையாளர் பலர் வந்தே இருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் இருக்கும் கூகுள் வரைபடம் பழைய இடத்தையே காட்டியது. அங்கே போய், கயிறு கட்டித் தடுத்திருந்த மண்மேட்டைப் பார்த்து, என்ன ஆனார்களோ என்று கவலையோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

மண்சரிவு நிலத்தையும் வீட்டையும் பயிரையும் கொண்டு போகிறது. இவற்றுக்கு விண்ணப்பப் படிவம் உண்டு. மதிப்பீடு செய்ய உத்தியோகத்தர் வருகிறார். வாங்குபவர் நம் வாசலுக்கு வரும் வழியும் சேர்ந்தே அழிந்துவிடுகிறது. அதை எந்தப் படிவத்திலும் நிரப்ப இடமில்லை. அந்த வழியைத் திரும்பத் திறப்பதைப் பற்றியே இந்த இதழில் பேசுகிறோம். பெரிய கம்பனிகள் இந்த வேலைக்கு விளம்பர நிபுணர்களை வைத்திருக்கின்றன. அவர்கள் செய்வதில் நமக்குத் தேவையான பகுதி மிகச் சிறியது. அதற்குப் பணமும் வேண்டியதில்லை.

படம் நமது, பெயர் அவர்களது

விளம்பரம் மலையகத்துக்குப் புதியதல்ல. கிளாஸ்கோ நகரத்து மளிகைக் கடைக்காரரான தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து, ஹப்புத்தளைக்கு அருகேயுள்ள தம்பேதன்னை முதலான தோட்டங்களை வாங்கினார். தேயிலை வாங்குவதற்கு முன்பே மக்களின் கண்ணைத் தன் பக்கம் திருப்பும் கலையை அவர் நன்கு அறிந்திருந்தார். 1881 நத்தாருக்கு அமெரிக்காவிலிருந்து இராட்சத பாலாடைக் கட்டியொன்றை வரவழைத்து, அதற்குள் தங்க நாணயங்களைப் புதைத்து, வெட்டி வெட்டி விற்றவர் அவர். தேயிலையையும் சிறு பைக்கற்றுகளில் அடைத்து, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகிறது என்று விளம்பரம் செய்தார். அந்த விளம்பரங்களில் இருந்த படம் யாருடையது? கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணுடையது. நம் பாட்டிமாரின் முகம் உலகமெங்கும் போனது. ஆனால் அவர்களின் பெயர் அந்தப் பைக்கற்றில் இருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1972இல் நாட்டின் பெயர் ‘ஸ்ரீ லங்கா’ என்றே மாறிவிட்டது. இருந்தும் இன்றுவரை தேயிலை ‘சிலோன் டீ’ என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. வாங்குபவரின் நாவில் பதிந்த சொல் அது என்பதே காரணம். நாம் நம் பொருளை என்ன பெயரால் அழைக்கிறோம் என்பது ஒரு பாதி. வாங்குபவர் அதை என்ன பெயரால் தேடுகிறார் என்பது மறு பாதி. இந்தக் கட்டுரையின் சாரமே இதுதான்.

மூன்றாவது உதாரணம் நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. மெரில் ஜே. பெர்னாண்டோ தம் இரு புதல்வரான தில்ஹான், மலிக் ஆகியோரின் பெயர்களை இணைத்து ‘தில்மா’ என்று பெயர் சூட்டி, அந்தத் தேயிலையை 1980களில் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு சென்றார். 2023இல் காலமான அவர், விளம்பரங்களில் நடிகரை நிறுத்தாமல் தாமே தோன்றி, தம் தேயிலையைக் குடித்துப் பார்க்கும்படி கேட்டார். பொருளுக்குப் பின்னால் ஓர் உண்மையான மனிதர் நிற்கிறார் என்று தெரிந்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை வருகிறது. அந்த மனிதராக நீங்களும் நிற்கலாம்.

முகவரி இல்லாத மக்கள்

நம் மக்களுக்கு முகவரி என்பது பழைய காயம். லயனில் வாழ்பவரின் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து ஒருவர் கை மாறி வீட்டுக்கு வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தேதி கடந்து கைக்கு வந்த கதை பல குடும்பங்களில் உண்டு. தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர். நம் மக்கள் வாயில் தமிழில் வேறொரு பெயர். ஆங்கிலேயர் காலத்துத் தோட்ட விபரக் கைந்நூல்களில் இரண்டு பெயரையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டார்கள். தமிழ்ப் பெயர் தெரியாமல் ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

இடம்பெயர்ந்தவருக்கு இருந்த அரை முகவரியும் போய்விடுகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தபோது இதைக் கண்டோம். 2025இலும் கண்டோம். இன்று கைத்தொலைபேசி இந்தக் குறையில் ஒரு பகுதியைத் தீர்க்க உதவுகிறது. கூகுள் வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். எழுத்தும் இலக்கமும் நடுவே ஒரு கூட்டல் அடையாளமும் கொண்ட சிறு குறியீடு தோன்றும். ‘பிளஸ் கோட்’ என்று அதைச் சொல்கிறார்கள். அது ஏறத்தாழ 14 மீற்றர் நீளமும் 14 மீற்றர் அகலமும் கொண்ட சதுரத்தைக் குறிக்கும். வீதிப் பெயரும் வீட்டு இலக்கமும் இல்லாத இடத்துக்கும் அது உண்டு. பட்டணத்தின் பெயரோடு சேர்த்து அதை அனுப்பினால், ஹட்டனிலிருந்து வரும் ஓட்டோக்காரர் யாரையும் விசாரிக்காமல் உங்கள் வாசலுக்கு வந்து சேரலாம்.

தேடும் இயந்திரம் எப்படித் தேடுகிறது?

கூகுள் போன்ற தேடல் சேவைகள் இணையத்திலுள்ள பக்கங்களை முன்கூட்டியே வாசித்து, எந்தப் பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று ஒரு பெரிய அட்டவணை செய்து வைத்திருக்கின்றன. ஒருவர் சொல்லைத் தட்டியதும் அந்த அட்டவணையில் பார்த்து, மிகப் பொருத்தமானது எனத் தோன்றுவதை மேலே காட்டுகின்றன. கடை, விடுதி போன்றவற்றைத் தேடும்போது மூன்று விடயங்களைப் பார்ப்பதாகக் கூகுள் நிறுவனமே சொல்கிறது: தேடியவரின் தேவைக்கு இந்த இடம் பொருந்துகிறதா? அவரிடமிருந்து எவ்வளவு தூரம்? இந்த இடம் எவ்வளவு அறியப்பட்டது?

தூரத்தை நாம் மாற்ற முடியாது. பெயர் பரவுவதற்குக் காலம் எடுக்கும். பொருத்தம் மட்டும் இன்றே நம் கையில் இருக்கிறது. என்ன விற்கிறோம், எங்கே, எந்த நேரத்தில் என்பதைத் தெளிவான சொல்லில் எழுதி வைத்தால் போதும்.

எந்தச் சொல்லில்? நல்லதண்ணியில் தேநீர்க் கடை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் போயா வரையான பருவத்தில் இலட்சக்கணக்கானோர் அந்த வழியே மலையேறுகிறார்கள். நாம் அதைச் சிவனொளிபாதமலை என்கிறோம். சிங்கள யாத்திரிகர் ஸ்ரீபாத என்கிறார். வெள்ளைக்காரர் ஆதாமின் சிகரம் என்று தேடுகிறார். மலை ஒன்று, பெயர் மூன்று. கடையின் விபரத்தைத் தமிழில் மட்டும் எழுதினால் மற்ற இருவரின் தேடலில் அது மேலே வருவது கடினம். மூன்று பெயரையும் மூன்று மொழியிலும் எழுதினால் மூவரும் வருவார்கள்.

மரக்கறிக்கும் இதுவே விதி. நாம் கோவா என்பதை வெளிநாட்டார் ‘கபேஜ்’ என்று தேடுவார். ‘நல்ல பொருள், நியாய விலை’ என்று யாரும் தேடுவதில்லை. ‘நுவரெலியா ஸ்ட்ரோபெரி ஜாம்’ என்று தேடுவார்கள். ஊரின் பெயரையும் பொருளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். சிங்களமும் ஆங்கிலமும் எழுத வராவிட்டால் பாடசாலைப் பிள்ளையிடம் கேளுங்கள். அதே சொற்களை நூறு முறை திரும்ப எழுதினால் மேலே வரலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பயன் தராது. வாசிப்பவருக்கும் எரிச்சல்.

இடம்பெயர்ந்தவர் முதலில் செய்ய வேண்டியவை

முதலாவது, பழைய தொலைபேசி இலக்கத்தைக் காப்பாற்றுங்கள். போன் மண்ணோடு போயிருந்தாலும் இலக்கம் போகவில்லை. சிம் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், அடையாள அட்டையைக் காட்டி அதே இலக்கத்துக்குப் புதிய சிம் பெறலாம். நெடுநாள் பாவிக்காமல் விட்டால் இலக்கம் இன்னொருவருக்குப் போய்விடலாம். ஆகவே தாமதிக்க வேண்டாம். வாடிக்கையாளரின் போனில் பதிந்திருக்கும் உங்கள் இலக்கம்தான் இப்போது உங்கள் உண்மையான முகவரி.

இரண்டாவது, பழைய கடை கூகுள் வரைபடத்தில் இருந்தால் அதை அப்படியே விட வேண்டாம். உடனடியாகத் ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்று குறியுங்கள். ஆபத்தான மண்மேட்டுக்கு மக்களை வரவழைக்கும் அடையாளம் அங்கே நிற்பது பாவம். நிலையான புதிய இடம் கிடைத்ததும் அதே பதிவில் இடத்தை மாற்றுங்கள். புதிய பதிவு தொடங்கினால் பழைய வாடிக்கையாளர் எழுதிய நல்ல வார்த்தைகள் எல்லாம் பழைய பதிவிலேயே தங்கிவிடும்.

மூன்றாவது, இதுவரை பதிவே இல்லாதவர்கள் ஒரு பதிவு செய்யலாம். இது இலவசம். உரிமையை உறுதி செய்ய, கடையையும் பெயர்ப் பலகையையும் பொருட்களையும் வீடியோவில் காட்டும்படி கேட்கக்கூடும். வாங்குபவரை நேரில் சந்திக்கும் தொழிலுக்கு மட்டுமே இது பொருந்தும். வீட்டுக்கு ஆட்கள் வருவதை விரும்பாதவர், முகவரியை மறைத்து, தாம் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் பிரதேசத்தை மட்டும் குறிக்கலாம். பெண்கள் தனித்து வாழும் வீடுகளுக்கும் தற்காலிகக் கொட்டில்களுக்கும் இதையே சிபாரிசு செய்கிறோம். முகாமில் இருப்பவர் நிலையான இடம் கிடைக்கும்வரை வரைபடப் பதிவுக்கு அவசரப்பட வேண்டாம். அதுவரை வட்ஸ்அப் போதும்.

நான்காவது, அந்த வட்ஸ்அப்பை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். 2018இல் வெளியான ‘வட்ஸ்அப் பிஸ்னஸ்’ இலவசமானது. அதில் பொருட்களின் படத்தையும் விலையையும் பட்டியலாக வைக்கலாம். உங்கள் இலக்கத்தைத் தம் போனில் பதிந்திருப்பவர்களுக்கு ஒரே செய்தியை 256 பேர் வரை ஒரே தடவையில் அனுப்பலாம். ஒவ்வொருவருக்கும் அது தனித் தனியாகப் போகும். மற்றவரின் இலக்கம் அவருக்குத் தெரியாது. முதற் செய்தியாக இதை அனுப்புங்கள்: நாங்கள் நலம், இடம் மாறியிருக்கிறோம், மறுபடி தொழில் தொடங்கியுள்ளோம், புதிய இடம் இது. தினமும் அனுப்பி அலுக்க வைக்க வேண்டாம். அறுவடைக்கு முன் ஒரு செய்தி, பொருள் ஆயத்தமானதும் ஒரு செய்தி போதும்.

பேஸ்புக்கில் எதைக் காட்டுவது?

சொந்தப் பெயரிலுள்ள கணக்கு வேறு, தொழிலுக்கான பக்கம் வேறு. தொழிலுக்குத் தனிப் பக்கம் வைத்தால் குடும்பப் படங்கள் அந்நியருக்குப் போகாது. ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் நீங்கள் இடுவது ஆயிரம் பேருக்கும் காட்டப்படுவதில்லை என்பதையும் அறிந்திருங்கள். யாருக்குக் காட்டுவது என்று அந்த நிறுவனமே தீர்மானிக்கிறது. ஆகவே பக்கத்தில் விசாரிப்பவரின் தொலைபேசி இலக்கத்தை, அவர் சம்மதத்தோடு, ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பக்கம் நாளை மூடப்பட்டாலும் கொப்பி உங்களோடு இருக்கும்.

படம் எடுக்க விலையுயர்ந்த போன் வேண்டாம். காலை வெளிச்சம் போதும். பனி படிந்த கோவாப் பாத்தி, மண் கழுவிய கரட், ஜாம் காய்ச்சும் அடுப்பு, பொதி கட்டும் கை ஆகிய இவையே வாங்குபவர் பார்க்க விரும்புபவை. இன்னொருவரின் தோட்டத்துப் படத்தை எடுத்துப் போடாதீர்கள். பிள்ளைகளின் முகத்தைக் காட்டி இரக்கம் தேட வேண்டாம். இடம்பெயர்ந்த கதையை ஒரு தடவை உண்மையாகச் சொல்லலாம். ஆனால் இரக்கத்துக்காக வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார்; தரத்துக்காக வாங்குபவர் மறுபடியும் வருவார்.

வாங்கியவர் திருப்திப்பட்டால் இரண்டு வரி எழுதும்படி கேளுங்கள். பணம் கொடுத்துப் பொய்யான புகழ்ச்சி எழுதுவிப்பதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. கள்ளத் தராசைப் பற்றி வேதாகமம் சொல்வது நினைவிருக்கட்டும். பொய்ப் புகழ்ச்சியும் கள்ளத் தராசே. யாராவது குறை எழுதினால் சண்டைக்குப் போகாமல், அமைதியாகப் பதில் எழுதி, தவறிருந்தால் திருத்துங்கள். அந்தப் பதிலை வாசிக்கும் பத்துப் பேர் உங்கள் பண்பை அறிவார்கள்.

ஏமாற வேண்டாம்

துன்பத்தில் இருப்பவரைத் தேடி வரும் கும்பல்களும் உண்டு. ‘கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறோம், இவ்வளவு பணம் கட்டுங்கள்’ என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எச்சரித்திருக்கிறது. பணம் கட்டிச் செய்வது விளம்பரம். அது விளம்பரம் என்று காட்டும் அடையாளத்தோடுதான் தோன்றும். அதற்குப் பணம் கட்டுவதால் சாதாரணத் தேடலில் உங்கள் பெயர் உயர்வதில்லை. போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவருக்கும், உத்தியோகத்தர் என்று சொல்பவருக்கும், சொல்ல வேண்டாம். பணம் அனுப்பியதாகக் காட்டும் ரசீதுப் படத்தை நம்பிப் பொருள் அனுப்பாதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் வந்ததைப் பார்த்த பின்பே பொதியை பஸ்ஸில் ஏற்றுங்கள்.

எமது சொந்த அனுபவம் ஒன்றையும் வெட்கத்தோடு சொல்கிறோம். எமது மகளிர் குழுவின் தையல் பொருட்களுக்கு ஒரு பேஸ்புக் பக்கம் தொடங்கினோம். கணினி தெரிந்த ஒரு தம்பி தன் பெயரிலேயே எல்லாம் செய்து தந்தார். ஆர்டர்கள் வரத் தொடங்கிய வேளை அவர் வேலைக்காகக் கொழும்புக்குப் போனார். போனும் மாறியது, கடவுச்சொல்லும் மறந்தது. பக்கம் இருக்கிறது, திறக்க ஆளில்லை. கேட்டு எழுதியவர்கள் பதிலில்லாமல் போனார்கள். தவறு அந்தத் தம்பியுடையதல்ல, எம்முடையது. இப்போது குழுவில் இருவருக்குப் பக்கத்தின் பொறுப்பு உண்டு. கடவுச்சொல் எழுதிய தாள் மூடிய உறையில் குழுப் பொருளாளரிடம் இருக்கிறது. பிள்ளைகள் செய்து தரட்டும். ஆனால் திறப்பு தாயின் மடியில் இருக்கட்டும்.

இதனால் தீராதவையும் உண்டு

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். லொறி நிறைய லீக்ஸ் வைத்திருப்பவரின் துன்பத்தை பேஸ்புக் பக்கம் தீர்க்காது. அந்த விலை நுவரெலியாவிலும் தம்புள்ளையிலும் உள்ள பொருளாதார மத்திய நிலையங்களிலும் இடைத்தரகர் கையிலும் தீர்மானமாகிறது. காணி உறுதி இல்லாதவருக்கு வரைபடக் குறியீடு உறுதியாகாது. பாதுகாப்பான காணிக்கான கோரிக்கையைக் கைவிட்டு போனைத் தடவிக்கொண்டிருக்கும்படி நாம் சொல்லவில்லை. அந்தப் போராட்டம் வேறு, அது தொடர வேண்டும்.

பழுதாகாத பொருளுக்கும் சேவைக்கும் இந்த வழி மிகப் பொருந்தும்: ஜாம், ஊறுகாய், தேன், பூச்செடி, தையல், வீட்டில் தங்குமிடம், மலைக்கு வழிகாட்டல், ஓட்டோ. ஒரு குடும்பத்தால் தனித்து முடியாவிட்டால் ஐந்து குடும்பம் ஒரு பெயரில் சேரட்டும். ஒருவர் படம் எடுக்கட்டும், ஒருவர் பதில் எழுதட்டும், ஒருவர் கணக்கு வைக்கட்டும். சேர்ந்தால் பொருளும் தட்டுப்படாது.

தலவாக்கலைக் குடும்பத்துக்கு வருவோம். அவர்களின் மகள் ஒரு பின்னேரம் உட்கார்ந்து பழைய பதிவை மூடியதாகக் குறித்தாள். பழைய இலக்கத்துக்குப் புதிய சிம் எடுத்தார்கள். வட்ஸ்அப்பில் நாற்பதுக்குச் சற்று மேற்பட்டவருக்குச் செய்தி போனது. அன்றிரவே வந்த பதில்களில் ஜாம் கேட்டவர்கள் சிலர்தான். அதிகமானோர், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டு, இருப்பதை அறிந்து நன்றி சொல்லியிருந்தார்கள். அந்தத் தாய் ஒவ்வொன்றையும் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மறுவாரம் இரண்டு வான்கள் புதிய இடத்துக்கு வழி கேட்டு அழைத்தன.

நூறு வருடங்களுக்கு மேலாக நம் முகம் வேறொருவரின் பெயரில் உலகெங்கும் போனது. இனி நம் பொருளோடு நம் பெயரும் போகட்டும். இந்த இதழை வாசித்து முடித்ததும் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். போனில் உங்கள் கடையின் பெயரையோ ஊரின் பெயரையோ தேடிப் பாருங்கள். என்ன தெரிகிறது? தவறாக இருந்தால் திருத்துங்கள். ஒன்றும் இல்லையென்றால், உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.